மூழ்கிய நகையும் காலாவதியான பெயரும்

தமிழ் நாளிதழ்களின் உள்பக்கங்களில் அவ்வப்போது ஒரு பெரிய அறிவிப்பு எறும்புச் சாரை போல எண்களால் நிறைந்து கிடக்கும். கிளையின் பெயர், அதன்கீழ் கடன் கணக்கு எண்கள், கடைசியில் ஏலம் நடக்கும் தேதியும் இடமும். கெடு தாண்டியும் மீட்கப்படாத நகைகளை ஏலம் விடப்போவதாக நிதி நிறுவனங்கள் கொடுக்கும் விளம்பரம் அது. தம்முடைய எண் இருக்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு.

கோடாடி போன்ற டொமைன் (இணைய முகவரி) பதிவு நிறுவனங்கள் காலாவதியான பெயர்களுக்கு நடத்தும் ஏலமும் ஒரு பட்டியல்தான். பெயர், எத்தனை பேர் விலை கேட்டிருக்கிறார்கள், இப்போதைய விலை என்ன, இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி. அதுவரை அந்தப் பெயரை வைத்திருந்தவர் யார் என்பதற்கு அங்கே இடமில்லை. கேட்க ஆளே இல்லாத பெயர்கள் சில டாலருக்குப் போகும். நல்ல பெயர் சிக்கினால் விலை ஆயிரம், பத்தாயிரம் டாலர் என்று ஏறிக்கொண்டே போகும்.

கெடு தவறியவரின் பொருள் அவர் கையைவிட்டுப் போவதுதான் இரண்டு இடத்திலும் நடக்கிறது. ஆனால் அடகு நகை விஷயத்தில் பல தலைமுறைப் புகார்களுக்குப் பிறகு சட்டம் கற்றுக்கொண்ட பாடங்களில் ஒன்றுகூட டொமைன் ஏலத்துக்கு வந்து சேரவில்லை என்பது என் கட்சி.

முதலில் கெடுவைப் பார்ப்போம். டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேடு வெரிசைன் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் இருக்கிறது. பதிவு நிறுவனங்களிடமிருந்து அது ஒரு பெயருக்கு ஆண்டுக்கு வாங்கும் தொகை, 2024 செப்டம்பரில் உயர்த்தியபடி, 10.26 டாலர். பெயர் காலாவதியானால் 45 நாள் வரை பதிவு நிறுவனத்தின் கையில் இருக்கலாம். அது பெயரை நீக்கிவிட்டால் அடுத்த 30 நாள் மீட்புக் காலம். அப்போதும் அபராதம் போலக் கூடுதல் கட்டணம் கட்டித் திருப்பிக்கொள்ளலாம். அதுவும் போனால் 5 நாள் யாரும் தொட முடியாது. அதன்பின் அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி பிற்பகல் 2 மணி வாக்கில் பெயர் பொதுவெளிக்கு வரும். அந்த நொடிக்காகவே கணினிகளை வரிசையில் நிறுத்தி வைத்திருக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பதிவு உரிமத்துக்கும் வெரிசைனிடம் அளவான இணைப்புகளே கிடைக்கும் என்பதால், ட்ராப்கேட்ச் என்ற நிறுவனம் நூற்றுக்கணக்கான உரிமங்களை வாங்கி வைத்திருக்கிறது. உரிமம் ஒன்றுக்கு, டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்புக்குக் கட்டும் ஆண்டுக் கட்டணம் மட்டும் 4,000 டாலர். எவ்வளவு பணம் புழங்கும் தொழில் இது என்று காட்ட அந்த ஒரு கணக்கு போதும்.

படிக்க நிதானமான ஏற்பாடாகத்தான் தெரிகிறது. ஆனால் விலை போகும் பெயர்கள் பெரும்பாலும் இந்தப் படிகளில் இறங்குவதே இல்லை. முதல் 45 நாளுக்குள்ளேயே பதிவு நிறுவனம் பெயரை ஏலத்தில் வைத்து, வென்றவர் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிடும். பெயர் நீக்கப்படவே இல்லை. எனவே அந்த 30 நாள் மீட்புக் காலமும் பிறப்பதில்லை.

நகைக் கடனில் நிலைமை வேறு. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஏலத்தின் தொடக்க விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இரண்டு முறை ஏலம் போகாமல் நின்றால்தான் 85 சதவீதம் வரை இறங்கலாம். அசலும் வட்டியும் செலவும் போக மிஞ்சும் பணத்தை ஏழு வேலைநாளுக்குள் கடன் வாங்கியவரிடம் கொடுத்துவிட வேண்டும். நடைமுறை இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. 2024 செப்டம்பரில் இதே ரிசர்வ் வங்கிதான், நகை ஏலங்களில் வெளிப்படைத்தன்மை இல்லை என்று கடன் நிறுவனங்களைக் கண்டித்துச் சுற்றறிக்கை விட்டது. ஆனால் கண்டிக்க ஒரு விதியும் ஒரு மேலதிகாரியும் இருக்கிறார்கள். மிச்சப் பணம் நகைக்காரருடையது என்பதில் யாருக்கும் ஐயமில்லை.

டொமைன் ஏலத்தில் அந்த மிச்சப் பணம் என்ன ஆகிறது? பொதுவாகப் பதிவு நிறுவனத்துக்கும் ஏலம் நடத்துபவருக்கும் போகிறது. கட்டத் தவறிய தொகை 15, 20 டாலர். ஏலம் போன தொகை 20,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். பழைய உரிமையாளருக்கு ஒரு காசு வராது. இதனால் ஒரு விபரீதம் நேர்கிறது. கெடுவை நினைவூட்ட வேண்டிய நிறுவனத்துக்கே, வாடிக்கையாளர் மறந்துபோனால்தான் கூடுதல் லாபம்.

நினைவூட்டலுக்கு விதி இல்லாமலில்லை. 2013 முதல் நடப்பில் உள்ள ஐகான் கொள்கைப்படி, கெடுவுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் அறிவிப்பு வர வேண்டும். கெடு முடிந்த ஐந்து நாளுக்குள் இன்னொன்று. எல்லாம் பெரும்பாலும் மின்னஞ்சலில்தான். அந்த மின்னஞ்சல் முகவரியே காலாவதியான டொமைனில் இருந்தால்? பெயர் செயலிழந்ததும் அஞ்சலும் நின்றுபோகும். கடைசி எச்சரிக்கை போய்ச் சேர வேண்டிய பெட்டியே இருக்காது. பூட்டிய வீட்டுக்கும் தபால் போகும், தெருவில் நாலு பேர் சொல்வார்கள் என்ற வசதி இங்கே இல்லை.

அடுத்தது மதிப்பு. நகையை எடைபோடும் மதிப்பீட்டாளர் கல்லைக் கழிப்பார். செய்கூலியும் சேதாரமும் கணக்கில் வராது. பாட்டி போட்டிருந்த அட்டிகையானாலும் நேற்று வாங்கியதானாலும் 22 காரட் என்றால் ஒரே விலைதான். அடகு வைத்தவருக்கு அது வலிக்கும். ஆனால் ஏலம் எடுப்பவருக்குத் தங்கம் தவிர வேறு எதுவும் போய்ச் சேர்வதில்லை. டொமைனில் கணக்கு தலைகீழ். உலோகத்தின் விலை அந்தப் பத்து டாலர்தான், மற்றதெல்லாம் செய்கூலி. பெயர் சின்னதாக, அழகாக இருப்பதால் வரும் மதிப்பு ஒரு பங்கு. அந்த முகவரிக்கு மற்றத் தளங்கள் கொடுத்திருக்கும் இணைப்புகள், பழக்கத்தில் வந்துபோகும் வாசகர்கள், தேடுபொறி வைத்திருக்கும் நல்லெண்ணம் ஆகியவை இன்னொரு பங்கு. இவற்றைப் பல ஆண்டு உழைத்துச் சேர்த்தவர் கெடு தவறியவர். விலை கொடுத்து வாங்கப்படுவது அவர் உழைப்பு. அதற்குக் கூலி வாங்குவது வேறொருவர்.

அமெரிக்காவில் ‘தி ஹேர்பின்’ என்றொரு பெண்கள் தளம் இருந்தது. 2010இல் தொடங்கி 2018இல் மூடப்பட்டது; நல்ல எழுத்துக்குப் பேர்போனது. அதன் பெயர் கைவிடப்பட்டதும் வேறொருவர் வாங்கி, செயற்கை நுண்ணறிவு எழுதிய வெற்றுக் கட்டுரைகளால் நிரப்பினார். பழைய கட்டுரைகள் சிலவற்றை எழுதிய பெண்களின் பெயர்களை நீக்கிவிட்டு ஆண் பெயர்களைப் போட்டிருந்தது 2024 தொடக்கத்தில் செய்தியானது. அதே ஆண்டு மார்ச்சில்தான் கூகுள், காலாவதியான டொமைன்களை இப்படிப் பயன்படுத்துவதைத் தன் குப்பைத் தடுப்பு விதிகளில் சேர்த்தது. ஏலம் போன வளையலை யார் போட்டுக்கொண்டாலும் பழைய உரிமையாளர் பேசுவதாக ஊர் நினைக்காது. டொமைன் விஷயத்தில் நினைக்கும்.

விலை குறைவாக இருந்தால் ஆபத்து குறைவு என்றும் சொல்ல முடியாது. டாட் மோபி பதிவேட்டுக்குப் பழைய முகவரியாக இருந்த ஒரு பெயர் 2023 டிசம்பரில் காலாவதியானது. 2024இல் வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதை 20 டாலருக்கு வாங்கினார்கள். சில நாளில் 1,35,000க்கு மேற்பட்ட கணினிகள், அரசு அலுவலகங்களுடையவை உட்பட, பழைய நம்பிக்கையில் அவர்கள் வாசலில் வந்து நின்றன. வாங்கியவர்கள் நல்லவர்களாக இருந்தது அதிர்ஷ்டம்.

ஏலத்தின் நேர்மைக்கு வருவோம். கடன் கொடுத்த நிறுவனமே ஏலம் கேட்கக் கூடாது என்பது வங்கிசாரா நிதி நிறுவனங்களுக்கு இங்கே நெடுநாளைய விதி. டொமைன் ஏலத்தில் முன்னணியில் இருந்த ஸ்நாப்நேம்ஸ் 2009 நவம்பரில் ஒரு செய்தியை வெளியிட்டது. தன் ஊழியர் ஒருவரே 2005 முதல் புனைபெயரில் ஏலத்தில் நுழைந்து விலையை ஏற்றிவிட்டிருக்கிறார். ஏலங்களில் சுமார் 5 சதவீதம் இப்படிப் பாதிக்கப்பட்டது. கூடுதலாகக் கட்டியவர்களுக்கு வித்தியாசத்தை வட்டியோடு திருப்பித் தருவதாக நிறுவனம் அறிவித்தது. பணத்தைத் திருப்பித் தரும் பேச்சு அப்போது எழுந்தது உண்மை, எழுந்தது வாங்கியவர்களுக்காக.

இத்தனைக்கும் வேர், டொமைன் என்பது சொத்தா சேவையா என்ற தீராத வழக்கு. 2000இல் வர்ஜீனியா மாநில உச்ச நீதிமன்றம், அது சேவை ஒப்பந்தத்தின் விளைவு, கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது என்றது. 2003இல் செக்ஸ்.காம் திருட்டு வழக்கில் அமெரிக்காவின் ஒன்பதாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சொத்துதான் என்றது. 2004இல் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே தொடுத்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றம், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. செக்ஸ்.காம் கதையில் பின்னால் ஒரு திருப்பமும் வந்தது. அந்தப் பெயர் மீது கடன் வாங்கியவர் கட்டத் தவற, 2010இல் கடன் கொடுத்தவர் அதை ஏலத்துக்குக் கொண்டுவந்தார். ஏலம் நின்று திவால் வழக்காகி, கடைசியில் 1.3 கோடி டாலருக்குப் பெயர் விற்பனையானது. அங்கே அசலுக்கும் பாக்கிக்கும் கணக்குப் பார்க்க ஒரு நீதிமன்றம் இருந்தது. அடமானம் வைத்த டொமைனுக்குக் கிடைக்கும் மரியாதை, மறந்துபோன டொமைனுக்குக் கிடைப்பதில்லை.

கட்டணம் கட்டாதவருக்கு எதற்குப் பங்கு என்று கேட்பவர்கள் உண்டு. பெயரைப் பூட்டி வைக்கக் கூடாது, தேவைப்படுபவருக்குப் போகத்தான் வேண்டும். அதில் எனக்கும் மறுப்பில்லை. ஏலம் நடக்கட்டும், நிறுவனம் தன் பாக்கியையும் செலவையும் நியாயமான தரகையும் எடுத்துக்கொள்ளட்டும். மிஞ்சியது கெடு தவறியவருக்குப் போக வேண்டும் என்று ஐகான் தன் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

அது வரும்வரை, சங்கமோ சிற்றிதழோ கடையோ, டொமைன் வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு காரியம் செய்யுங்கள். பதிவுக் கணக்கில் எந்த மின்னஞ்சல் இருக்கிறது என்று பாருங்கள். அதே டொமைனின் முகவரி என்றாலோ, எப்போதோ விலகிப்போன ஊழியருடையது என்றாலோ மாற்றிவிடுங்கள். டாட் காம் பெயரை ஒரே தடவையில் பத்தாண்டு வரை புதுப்பித்துக்கொள்ளலாம்.