மாதவிலக்கு நாள்களில் கருத்தரிப்பு

வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லாமலில்லை. அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள்களுக்கு முன் வெளிவரும் கருமுட்டை ஒரு நாளுக்குள் அழியும். விந்தணுவோ பெண்ணுடலில் 5 நாள்வரை உயிரோடிருக்கும். ஆகவே 21 நாள் சுழற்சி உள்ளவருக்கு 7ஆம் நாளையொட்டிக் கருமுட்டை வெளிவந்தால், உதிரப்போக்கின் 4, 5ஆம் நாள் உறவும் கருவாகலாம். இடையில் வரும் உதிரப்போக்கை மாதவிலக்கென்று எண்ணி ஏமாறுவோரும் உண்டு.

கருத்தரிக்கக்கூடிய நாள்களைக் கணக்கிட்டு உறவைத் தவிர்க்கும் நாள் கணக்கு முறையை 1950களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவன உதவியுடன் மைசூர் மாநில ராமநகரத்திலும் டெல்லி லோதி காலனியிலும் சோதித்தார்கள். நாள்களை எண்ண வண்ண மணிமாலையும் தந்தார்கள். பெரிய பலனில்லை. சுழற்சி மாதந்தோறும் மாறுகையில் இம்முறையை மட்டும் நம்புவது தவறு.

பாதுகாப்பற்ற உறவு நேர்ந்தால் அவசரகால மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, எடுக்க வேண்டும். அந்தமானின் அபர்டீன் பஜார் பகுதிப் பெண்கள் அருகிலுள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனையில் தயங்காமல் கேளுங்கள்.