கூத்துக்களரியிற் பொன்

ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சட் கனிமமொன்றை உரோமர் 'பொன்வண்ணம்' எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். தமிழர் அரிதாரம் என்றனர். நஞ்சாயினும் அது ஒப்பனைப் பொருளாயிற்று. பின்னர் அதன் பெயரே ஒப்பனை முழுமைக்கும் ஆகிவந்தது.

மட்டக்களப்பு வாவியின் இருகரைக் கிராமங்களிலும் வடமோடிக் கூத்தரசர் அணியும் முடியும் புயவணியும் இவ்வகைப் பொன்னே. பாரமற்ற மரத்தில் கண்ணாடித் துண்டுகளும் மினுங்கும் வண்ணத்தாளும் ஒட்டி அவை ஆக்கப்பட்டன. வட்டக்களரியைச் சூழ்ந்த விளக்கொளி, ஆடுவோன் சுழலுந்தோறும் அவற்றிற் பட்டுத் தெறிக்கும்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இக்கூத்தைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தினூடாக நவீன மேடைக்குக் கொணர்ந்தார். நாற்புறமும் நின்ற பார்வையாளர் ஒருபுறத்தினராயினர், மின்னொளி வந்தது. ஆயினும் அணிகளின் மினுக்கம் விலக்கப்படவில்லை. பகலில் வயலுழுதவனை இரவில் மன்னனாகக் காணும் ஊரார் கண்ணே அத்தாளைப் பொன்னாக்கிற்று எனலாம்.