கொசஸ்தலை ஆறும் மீன்குஞ்சுகளும்

இன்று நம் கொசஸ்தலை ஆற்றின் வரலாறு கொஞ்சம்.

மடவையும் இறாலும் கடலில்தான் முட்டையிடும். குஞ்சுகள் அலையோடு எண்ணூர் முகத்துவாரம் வழியாக ஆற்றுக்குள் வரும். உப்புநீரோடு கலக்க நன்னீர், ஆழமில்லாத சேறு, ஒளிந்துகொள்ள அலையாத்தி வேர். இந்த மூன்றும் இருந்தால் பெரிய மீனுக்குத் தப்பி வளர்ந்து கடலுக்குத் திரும்பும்.

1944-ல் பூண்டி நீர்த்தேக்கம் வந்தது. சென்னைக்குக் குடிநீர் கிடைத்தது. முகத்துவாரத்துக்கு வரும் நன்னீர் குறைந்தது. 1994-ல் வடசென்னை அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. பின்னாளில் அதன் குழாய்கள் கசிந்து, சேற்றின்மேல் சாம்பல் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் அலையாத்தி வேர்களில் ஒட்டிக்கொண்டது. மூன்றும் ஒவ்வொன்றாகக் கெட்டன. காட்டுக்குப்பம் மீனவர்களுக்கு இது சோற்றுப் பிரச்சினை.

கும்மிடிப்பூண்டிப் பக்கத்து நீர் சேரும் பழவேற்காடு ஏரியும் இதேபோலக் குஞ்சுகள் வளரும் இடம்தான். அங்கே ஆலைகளில் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளே, உங்கள் ஆலைக் கழிவுநீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று ஒருநாள் கால்வாயோடு நடந்து போய்ப் பாருங்கள். பார்த்ததை எனக்கும் எழுதுங்கள்.