நெத்தி தெர்மாமீட்டரும் திண்டிவனம் மண்ணும்

1/ கொரோனா காலத்துல நெத்திக்கு நேரா நீட்டுன தெர்மாமீட்டர் ஞாபகமிருக்கா? அதே வேலையை விழுப்புரம், திண்டிவனம் மண்ணுக்கு 705 கிலோமீட்டர் உயரத்துல இருந்து சாட்டிலைட் செய்யுது.

2/ 1800-ல வில்லியம் ஹெர்ஷல், நிறமாலையில் சிவப்பைத் தாண்டி தெர்மாமீட்டரை வச்சார். வெளிச்சமே இல்லாத இடத்துல சூடு ஏறுச்சு. அதுதான் அகச்சிவப்புக் கதிர்.

3/ 1984-ல ஏவப்பட்ட லேண்ட்சாட் 5, அந்தக் கதிரை 120 மீட்டர் கட்டங்களா அளந்தது. 2013-ல வந்த லேண்ட்சாட் 8-க்கு 100 மீட்டர். ஏரி, வயல், வறண்ட மண் எல்லாம் ஒரே சூட்டுல இருந்தாலும் ஒரே அளவு கதிர் விடாது. அதையும் காற்றின் ஈரப்பதத்தையும் கணக்கில் சேர்த்தால்தான் தரைவெப்பம் கிடைக்கும்.

4/ வானிலை அறிக்கை சொல்றது நிழல்ல இருக்கற காற்றோட சூடு. மரக்காணம் உப்பளத்துல நிக்கிறவர் கால் அறியறது தரைச்சூடு. லேண்ட்சாட் கடக்கறதோ காலை பத்து மணி வாக்குல. உச்சிவெயில் அதுல பதிவாகாது. அதனால நம்பரை மட்டும் பார்க்காதீங்க. வெயில்ல வேலை செய்றவர் பேச்சு குழறினா, உடனே நிழல், உடம்பெல்லாம் தண்ணி, 108.