பச்சை விளக்கும் சாம்பல் மேடும் - 'தி கிரேட் கேட்ஸ்பி' சொல்லும் வரலாறு

முதல் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்காவில் பணம் புரண்ட காலம் ஒன்று உண்டு. கார், ரேடியோ, பங்குச் சந்தை, ஜாஸ் இசை என்று கொண்டாட்டமாகப் போன 1920கள் அவை. அந்தக் காலத்தை அதன் நடுவில் நின்றுகொண்டே எழுதிய நாவல்தான் எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி'. 1925 ஏப்ரல் 10 அன்று வெளியானது. இந்த நாவலின் குறியீடுகளைப் பற்றிப் பேசுபவர்கள் அவற்றை இலக்கிய அலங்காரமாக மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஆனால் அவற்றுள் பலவற்றுக்குப் பின்னால் உண்மையான வரலாறு இருக்கிறது.

கதைச் சுருக்கம்:

வடக்கு டகோட்டாவின் ஏழை விவசாயி மகன் ஜேம்ஸ் காட்ஸ். தன் பெயரையே ஜே கேட்ஸ்பி என்று மாற்றிக்கொள்கிறான். இராணுவத்தில் இருந்தபோது டெய்ஸி என்ற பணக்காரப் பெண்ணைக் காதலிக்கிறான். அவன் போருக்குப் போன பிறகு அவள் டாம் புக்கானன் என்ற பெரும் பணக்காரனை மணந்துகொள்கிறாள். 1922ஆம் ஆண்டு கோடையில், அவள் வீட்டுக்கு எதிர்க்கரையில் மாளிகை வாங்கிக் குடியிருக்கிறான் கேட்ஸ்பி. அவள் வீட்டுப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கை இரவில் நின்று பார்க்கிறான். அந்த விளக்கு கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாது. அவனுக்குப் பணம் இலக்கு அல்ல, அந்தக் கரைக்குப் போகும் வழி, அவ்வளவுதான்.

இரண்டு கரைகள்:

நாவலில் வரும் கிழக்கு எக், மேற்கு எக் இரண்டும் கற்பனைப் பெயர்கள். ஆனால் லாங் ஐலண்டில் அப்படிப்பட்ட இரண்டு கரைகள் உண்மையாகவே உண்டு. மேற்கு எக்குக்கு மாதிரியான கிரேட் நெக் பகுதியில் ஃபிட்ஸ்ஜெரால்டே 1922 முதல் 1924 வரை குடியிருந்தார். ஒரு கரையில் புதுப் பணக்காரர்கள், மறு கரையில் பரம்பரைப் பணக்காரர்கள். நடுவில் இருக்கும் தண்ணீர் கொஞ்சம்தான். ஆனால் கேட்ஸ்பியால் அதைக் கடக்க முடியவில்லை.

பணம் எங்கிருந்து வந்தது?

1920 ஜனவரியில் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. மது தயாரிப்பது, விற்பது, கொண்டு செல்வது எல்லாம் குற்றம். ஆனால் டாக்டர் சீட்டு இருந்தால் மருந்துக் கடையில் விஸ்கி வாங்கலாம்! இந்த ஓட்டையில் பலர் பணக்காரர்கள் ஆனார்கள். கேட்ஸ்பியும் மருந்துக் கடைகளை வாங்கி மது விற்றவன்தான் என்று டாம் குற்றம் சாட்டுகிறான். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அப்படிக் குற்றம் சாட்டும் அதே நாளில் டாம் ஒரு விஸ்கி பாட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்து வந்திருக்கிறான். விற்றவனுக்குக் கெட்ட பெயர், குடித்தவன் கனவான். மதுவிலக்குக் கால அமெரிக்காவின் இரட்டை வேடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சாம்பல் பள்ளத்தாக்கு:

மாளிகைகளுக்கும் நியூயார்க் நகரத்துக்கும் இடையில் ஒரு சாம்பல் மேடு வருகிறது. இதுவும் கற்பனை அல்ல. குவீன்ஸ் பகுதியின் கொரோனாவில், நிலக்கரி அடுப்புகளின் சாம்பலை மலைபோலக் கொட்டி வைத்திருந்தார்கள். நாவலில் அங்கே கார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கும் வில்சன் ஒரு பரம ஏழை. மேலே டாக்டர் டி.ஜே. எக்கிள்பர்க் என்ற கண் மருத்துவரின் பழைய விளம்பரப் பலகை, அதில் இரண்டு பெரிய கண்கள். மனைவியை விபத்தில் இழந்த வில்சன் அந்தக் கண்களைக் கடவுளின் கண்கள் என்று நினைக்கிறான். சாமி இருக்க வேண்டிய இடத்தில் விளம்பரம் நிற்கிறது!

கடைசியில் செத்துப்போவது யார்? வில்சன், அவன் மனைவி, கேட்ஸ்பி. மூவருமே பணக்காரர்களாகப் பிறக்காதவர்கள். காரை ஓட்டிய டெய்ஸியும், வில்சனைக் கேட்ஸ்பியிடம் அனுப்பிவைத்த டாமும் ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்ஸ்பியின் விருந்துகளில் நூற்றுக்கணக்கில் கூடியவர்களில் ஓரிருவர்தான் இறுதிச் சடங்குக்கு வந்தார்கள்.

முடிவுரை:

நாவல் வந்து நான்கே ஆண்டுகளில், 1929 அக்டோபரில், பங்குச் சந்தை சரிந்தது. 1933இல் மதுவிலக்கும் முடிந்தது. சாம்பல் மேட்டைச் சமப்படுத்தி அங்கே 1939இல் உலகக் கண்காட்சி நடத்தினார்கள். அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் நடக்கும் இடம் அதுதான். ஃபிட்ஸ்ஜெரால்டு 1940இல், 44 வயதில், தன்னைத் தோற்றவராக நினைத்தபடியே இறந்தார். அப்போது நாவலின் இரண்டாம் அச்சுப் பிரதிகள்கூட விற்றுத் தீரவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்கு ஏறத்தாழ 1,55,000 பிரதிகள் கொடுக்கப்பட்ட பிறகே நாவலுக்கு மறுவாழ்வு வந்தது.

உழைத்தால் யாரும் உயரலாம் என்பது அமெரிக்கக் கனவு. உயர்ந்த பிறகும் உள்ளே விடுவார்களா என்பதுதான் கேட்ஸ்பி கதையின் கேள்வி. அந்தக் கேள்வி 1922ஆம் ஆண்டுக் கோடையோடு முடிந்துவிடவில்லை.