தாக்லா: ஆறும் இல்லை, பொன்னும் இல்லை

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரையில், கடக ரேகைக்குச் சற்று மேலே, வரைபடத்தில் விரல் போல ஒரு நிலத்துண்டு கடலுக்குள் நீண்டிருக்கும். ஏறக்குறைய 40 கிலோமீட்டர் நீளம். இந்த விரலுக்கும் சகாரா பாலைவனத்துக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட கடல்நீர்தான் தாக்லா காயல். விரலின் நுனிப்பக்கம் தாக்லா நகரம் இருக்கிறது.

இன்று உலகம் இந்தக் காயலை அறிந்திருப்பது கைட் சர்ஃபிங் விளையாட்டால். பெரிய பட்டம் ஒன்றைக் காற்றில் ஏற்றிவிட்டு, காலில் பலகையை மாட்டிக்கொண்டு, தண்ணீர்மேல் வழுக்கிக்கொண்டு போகும் விளையாட்டு அது. ஆண்டின் பெரும்பகுதி இங்கே வடக்கிலிருந்து காற்று ஓயாமல் அடிக்கும். நடுவில் கிடக்கும் நிலத்துண்டு அட்லாண்டிக்கின் பேரலைகளைத் தடுத்துவிடுகிறது. ஆனால் அது தாழ்வான மணல்தரை என்பதால் காற்றைத் தடுப்பதில்லை. பலத்த காற்று, அலையில்லாத தண்ணீர், இரண்டும் ஒரே இடத்தில்! பட்டக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? 2000-களில் இருந்து கரையோரம் வரிசையாக விடுதிகள் எழுந்தன. உலக அளவிலான போட்டிகளும் நடந்தன.

ஓதம் இறங்கும்போது காயலின் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கி ஈரமணல் வெளிப்படும். அந்த நேரம் பார்த்து ஜீப்பில் கிளம்பினால், தண்ணீருக்கு நடுவே நிற்கும் வெள்ளை மணற்குன்றின் அடிவரை போகலாம். ஓதம் ஏறிவிட்டால் அதே குன்று தீவாகிவிடும். விடுதிக்காரர்கள் சாப்பாட்டு நேரத்தைவிட ஓத நேரத்தைக் கவனமாகச் சொல்வது இதனால்தான்.

வந்து போகிறவர்களில் பலருக்கு இந்த இடத்தின் பழைய பெயர் தெரியாது. ரியோ தெ ஓரோ, அதாவது பொன்னாறு. வேடிக்கை என்னவென்றால் இங்கே ஆறும் கிடையாது, பொன்னும் கிடையாது. 1436-இல் போர்ச்சுகீசிய இளவரசர் ஹென்றி அனுப்பிய மாலுமி அஃபொன்சோ பால்தாயா இந்தக் காயலின் வாயைக் கண்டு, கேள்விப்பட்டிருந்த பொன்னாற்றின் முகத்துவாரம் இதுதான் என்று எண்ணிவிட்டார். பொன் கிடைக்கவில்லை. கடல்நாய்களைக் கொன்று தோலை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பினார். ஆறு ஆண்டுகள் கழித்து வந்த அந்தாவ் கொன்சால்வெஸ், தாம் முன்பு பிடித்துச் சென்றிருந்த உள்ளூர்க்காரர்களைத் திருப்பிக் கொடுத்து, பதிலுக்குக் கறுப்பின அடிமைகளையும் கொஞ்சம் பொன்தூளையும் வாங்கினார். அந்தக் கொஞ்சம் பொன்தூளால் தவறான பெயர் நிலைத்துப்போனது.

அடுத்த பெயரை வைத்தவர்கள் ஸ்பானியர்கள். 1884-இல் எமிலியோ பொனெல்லி இங்கே வணிக நிலையம் ஒன்றை அமைத்து, ஒரு ஸ்பானியக் கர்தினாலின் பெயரால் வில்லா சிஸ்நேரோஸ் என்று அழைத்தார். ஐரோப்பிய நாடுகள் பெர்லினில் கூடி ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த நேரம் அது. மறு ஆண்டே மார்ச் மாதத்தில் பழங்குடியினர் அந்த நிலையத்தைத் தாக்கினர். பிறகு கோட்டை கட்டப்பட்டது. ஆனாலும் 1934 வரை ஸ்பெயினின் அதிகாரம் கடற்கரையைத் தாண்டி அதிகம் போகவில்லை. உள்நாடு முழுக்க ஒட்டகம் மேய்த்து, மழை பெய்த திசைக்கு நகர்ந்து வாழ்ந்த சகராவி மக்களுடையதாகவே இருந்தது.

இடையில் இந்த ஊர் சில விநோத விருந்தாளிகளையும் கண்டது. 1920-களில் பிரான்சிலிருந்து டக்கார் வரை பறந்த தபால் விமானங்கள் இங்கே இறங்கிச் சென்றன. பிற்பாடு 'குட்டி இளவரசன்' எழுதிய செந்த்-எக்சுபெரி அந்தத் தடத்தில் பறந்த விமானிகளில் ஒருவர். 1932-இல் ஸ்பானியக் குடியரசு தன் எதிரிகளை இங்கே நாடு கடத்தியது. முதலில் அராஜகவாதிகளை, சில மாதங்களில் முடியாட்சிக்காரர்களை! இரு தரப்பையும் ஒரே மணலில் கொண்டுவந்து கொட்டிய பெருமை தாக்லாவுக்கு உண்டு.

உண்மையான திருப்பம் 1975-இல் வந்தது. ஸ்பெயின் வெளியேறப்போகிறது என்று தெரிந்ததும் வடக்கே மொராக்கோவும் தெற்கே மவுரித்தானியாவும் இந்த நிலத்துக்கு உரிமை கோரின. அக்டோபர் 16 அன்று சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. மொராக்கோ சுல்தானுக்கும் சில குலங்களுக்கும் இடையே விசுவாச உறவு இருந்தது உண்மைதான், ஆனால் அது நிலத்தின்மீதான இறையாண்மை ஆகாது, தங்கள் எதிர்காலத்தை மக்களே முடிவு செய்யவேண்டும் என்றது. சரியாக மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. நவம்பர் 6 அன்று மொராக்கோ மன்னரின் அழைப்பில் திரண்ட 3,50,000 பேரின் 'பசுமைப் பயணம்' எல்லையைக் கடக்கத் தொடங்கியது. 14-ஆம் தேதி மாட்ரிட்டில் ஸ்பெயின், மொராக்கோ, மவுரித்தானியா மூன்றும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அந்த மேசையில் சகராவிகள் யாரும் இல்லை.

தெற்குப் பகுதியும் தாக்லாவும் மவுரித்தானியாவின் பங்குக்கு வந்தன. சகராவிகளின் போலிசாரியோ இயக்கம் போரிட்டது. தாக்குப்பிடிக்க முடியாமல் மவுரித்தானியா 1979 ஆகஸ்டில் சமாதானம் செய்துகொண்டு விலகியது. தாக்லா மக்கள் மூச்சுவிடுவதற்குள் அதே மாதம் மொராக்கோப் படை வந்து நகரைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. நான்கே ஆண்டுகளில் மூன்று கொடிகள்.

1991-இல் ஐ.நா. முயற்சியால் போர்நிறுத்தம் வந்தது. சுதந்திரமா, மொராக்கோவுடன் இணைப்பா என்று வாக்கெடுப்பு நடத்துவதாகச் சொல்லப்பட்டது. யாருக்கு வாக்கு உண்டு என்ற சண்டையிலேயே அது நின்றுபோனது. பட்டங்கள் பறக்கத் தொடங்கியது இந்த இழுபறியின் நடுவேதான். சுற்றுலா விளம்பரங்கள் தாக்லாவை 'தெற்கு மொராக்கோ' என்று எழுதின. ஐ.நா. பட்டியலிலோ மேற்கு சகாரா 1963 முதல் தன்னாட்சி பெறாத பிரதேசம். விளையாட வருகிறவர் இதையெல்லாம் யோசிக்கவேண்டுமா என்று கேட்கலாம். ஆனால் விடுதி கட்ட அனுமதி கொடுப்பது யார், நிலம் யாருடையது என்ற கேள்விகள் காற்றோடு போய்விடுவதில்லை.

2020 டிசம்பரில் அமெரிக்கா மொராக்கோவின் உரிமையை ஏற்றது. 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் நேர்மாறான திசையில் தீர்ப்புச் சொன்னது. சகராவி மக்களின் சம்மதம் இல்லை என்பதால் மொராக்கோவுடனான மீன்பிடி, வேளாண் வணிக ஒப்பந்தங்கள் மேற்கு சகாராவுக்குச் செல்லாது என்றது. அங்கே விளையும் தக்காளியின்மேல் 'மேற்கு சகாரா' என்றே எழுதவேண்டும் என்றும் சொன்னது. 2025 அக்டோபரில் ஐ.நா. பாதுகாப்பு அவையோ மொராக்கோவின் தன்னாட்சித் திட்டத்தை அடிப்படையாக வைத்துப் பேசச் சொல்லித் தீர்மானம் போட்டது.

1975-76இல் ஓடிப்போனவர்கள் அல்ஜீரியாவின் திந்தூஃப் பாலைவனத்தில் அகதி முகாம்கள் அமைத்தனர். ஒவ்வொரு முகாமுக்கும் விட்டுவந்த ஊரின் பெயரை வைத்தார்கள். ஆகவே தாக்லா என்று இன்னொரு ஊரும் உண்டு. முகாம்களிலேயே ஒதுக்குப்புறமானது அதுதான். கடலிலிருந்து பல நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கோடையில் முகாம் பிள்ளைகளை ஸ்பானியக் குடும்பங்கள் இரண்டு மாதம் தங்கள் வீட்டுக்கு அழைத்துப் போகும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் பலர் கடலை முதன்முதலாகப் பார்ப்பது அங்கேதான்.