ஒட்டுத் தெரியாத ஓவியம்

அந்தாதியில் ஒரு பாடலின் ஈறு அடுத்த பாடலின் முதலாகும். நூலின் ஈறு நூலின் முதலோடு சென்று பொருந்துவதை மண்டலித்தல் என்பர். கணிப்பொறித் திரையின் பின்னணியாக விரியும் பூவேலைப்பாடும் இந்நெறியில் அமைந்ததே. சிறு சதுரம் ஒன்றின் வலப்புற விளிம்பு இடப்புறத்தோடும், மேல்விளிம்பு கீழ்விளிம்போடும் பொருந்துமாறு வரைந்துவிட்டால், அவ்வொரு சதுரமே எல்லையின்றிப் பரவும். இக்கலை கணிப்பொறியினும் மிக மூத்தது.

மரக்கட்டை கொண்டு துணியிலும் தாளிலும் அச்சிட்ட கைவினைஞருக்கு ஒட்டே பெருங்கவலை. கட்டையின் மூலைகளில் பதித்த ஊசிகள் விட்டுச்சென்ற புள்ளிகளே அடுத்த அச்சுக்கு வழிகாட்டின. இம்மி பிசகினும் கொடி அறுந்துபோகும். 1783இல் ஸ்காட்லாந்தியரான தாமஸ் பெல், செதுக்கிய செப்பு உருளையால் துணி அச்சிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உருளையைச் சுற்றிவரும் கோலத்திற்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. மண்டலித்தல் அங்கே பொறியாயிற்று.

எனினும் ஒட்டு மறைந்தால் மட்டும் போதாது. திரும்ப வருதல் சலிப்பூட்டாதிருத்தலும் வேண்டும். இதனை நன்குணர்ந்தவர் ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் மாரிஸ் (1834–1896). பொறி அச்சு ஓங்கிய காலத்தில் அவர் மீண்டும் மரக்கட்டையை நாடினார். தோட்டத்துப் பூங்குருவிகள் ஸ்ட்ராபெரிப் பழம் திருடுவதை 1883இல் துணிக்கோலமாக்கினார். அவர் காலத்துக் கோலக்கலைஞர் கையாண்ட உத்திகளுள் ஒன்று, அடுத்த நிரலைப் பாதியளவு தாழ்த்தி அமைப்பது. அதனால் ஒரே பூ ஒரே வரிசையில் அணிவகுத்து நில்லாது. கண்ணும் சதுரத்தைத் தேடாது, கொடியின் வழியே செல்லும்.

கணிதமும் இதற்கு ஓர் எல்லை கண்டது. இரு திசைகளிலும் திரும்ப வரும் தளக் கோலங்களின் சமச்சீர் வகைகள் 17 மட்டுமே என 1891இல் உருசிய அறிஞர் ஃபெடரோவ் மெய்ப்பித்தார். வகைகள் பதினேழே, பூக்களுக்கோ அளவில்லை.

1984இல் வெளிவந்த மாக்கின்டோஷ் கணிப்பொறியின் திரையில் 1,75,104 புள்ளிகள் இருந்தன. அதன் கோலங்களோ எட்டுக்கு எட்டாக 64 புள்ளிகளில் அடங்கின. அக்கணிப்பொறிக்குக் குறியுருக்களை வரைந்த சூசன் கேர் கருமை, வெண்மை இரண்டையே கொண்டு பல பரப்புகளைக் காட்டினார். நினைவகம் அரிதாயிருந்த அந்நாளில் சிறு துண்டு பெரும் பரப்பை நிரப்பியது.

சீரும் சீரும் கூடுமிடத்தைத் தளை என்கிறோம். அச்சொல்லுக்கு விலங்கு என்னும் பொருளையே கொண்டு மரபை வெறுப்பார் நம் வட்டத்திலும் உளர். அவர்களை முற்றும் குறைகூற இயலாது. தளையை வாய்பாடாகவே பல்லாண்டு கற்பித்துவந்த என் போன்றோர்க்கும் அதில் பங்குண்டு. திரும்ப வருதல் கவிதைக்குக் குற்றமன்று. ஒட்டுத் தெரிதலே குற்றம். தளை தட்டுதல் என்று நாம் சுட்டுவது அதனையே. மரபில் எழுதுவோர் கொடி அறாமல் காக்கட்டும். புதுக்கவிதை எழுதுவோரும் தம் வரிகள் கூடுமிடத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கட்டும். பத்தாண்டு கண்ட நம் வட்டம் அடுத்த பத்தோடு ஒட்டுத் தெரியாமல் இணைக!